டெய்லரக்கா உட்கார்ந்தால் மட்டும் அணையும் திரை

அந்தத் தெருவில் டெய்லரக்காவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், ஒன்று அவர்கள் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே திரிகிற ஆளாக இருக்க வேண்டும். தெருமுனையில் நின்று "டெய்லரக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், கைக்குழந்தைகூட விரலை நீட்டும். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரை ஒட்டி வெட்டுகிற மேஜை, அதன் மேல் பள்ளிக்கூடச் சீருடைகளும் ஆஸ்பத்திரித் திரைச்சீலைகளும் குட்டிமலையாகக் கிடக்கும். அந்த மலைக்குப் பின்னால் எங்கேயோ இருந்து ஒரு குரல் வரும், "யாரது? அளவு குடுக்க வந்தீங்களா, திட்டு வாங்க வந்தீங்களா?" என்று. அதுதான் அவள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கழுத்தில் அளவு டேப்பும், இடது மணிக்கட்டில் குண்டூசிப் பட்டையும், காதோரம் சுண்ணாம்புக் கட்டியும் இல்லாமல் வேலை நேரத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை. கோபம் சட்டென்று வரும், சிரிப்பு அதைவிடச் சட்டென்று வரும். கணவரும் டெய்லர்தான். ஒரு நாள் மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சத்தமே இல்லை. அதற்குப் பிறகு அந்த மெஷினை அவள் ஒருத்தியே மிதித்து மகளைப் படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள், விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பியும் வைத்தாள். அழுதாளா என்றால் அழுதாள். விமானம் கிளம்பிய பிறகு, பேருந்தில், யாரோ ஒருவருடைய தோளில். இறங்கும்போது அவருடைய சட்டைக் கையில் தையல் விட்டிருப்பதைக் காட்டி, கடைக்கு வரச் சொல்லிவிட்டும் வந்தாள்.

கடையில் கூடமாட ஒருத்தி உண்டு. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. அதனால் பெயரே காஜா என்று ஆகிவிட்டது. கை வேலையில் இருக்கும், வாய் ஊர் வம்பில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்ளாது.

இந்த டெய்லரக்காதான் தினமும் சாயங்காலம் லேப்டாப்பில் விளையாடுகிறாள். "இந்த வயசுல விளையாட்டா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் எதற்கு விளையாடினாள் என்று தெரிந்தால் நீங்களும் வாயை மூடிக்கொள்வீர்கள்.

மகள் பிள்ளைத்தாய்ச்சி. நடுவில் ஏதோ சிக்கல் வந்து, "படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, படபடப்பு கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரைக்கும் அவள் தனியாகச் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். டெய்லரக்காவுக்கு விசா கைக்கு வந்தபாடில்லை. போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது. ஃபோனில் பேசலாமே என்றால், பேசினார்கள்தான். "சாப்பிட்டியா?" "ம்." "கால் வீங்கியிருக்கா?" "ம்." "தூங்கினியா?" "அம்மா, நீயும் நர்ஸ் மாதிரியே கேக்காத, ப்ளீஸ்." அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்பு அத்தனையும் கேள்வியாக மாறி, கேள்வி அத்தனையும் எரிச்சலாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகள் இந்த விளையாட்டைச் சொன்னாள். தான் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் எப்படி ஏற்றுவது என்று அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தாள். ஒரு பெரிய மலை. இரண்டு பேர். இருவருக்கும் இடுப்பில் ஒரே கயிறு. ஒருத்தி பாறையைப் பிடித்து ஏறும்போது மற்றவள் காலை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கு விசைப்பலகையின் இடது ஓரத்தில் ஒரு விசை. அதைச் சுண்டுவிரலால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். விட்டால் மேலே ஏறுகிறவள் தொபுக்கென்று பள்ளத்தில் விழுவாள். மகள் ஏறுவாள், அம்மா பிடிப்பாள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம்.

என்ன மாயமோ, கண் மலையில் இருந்தபோது வாய் தானாகத் திறந்தது. "அம்மா, அந்த வலப்பக்கப் பாறையைப் பிடிக்கட்டுமா… நேத்து ராத்திரி எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சும்மா… இரு, இரு, இறுக்கிப் பிடி!" என்று பயமும் பாறையும் கலந்துகட்டி வந்தன. டெய்லரக்காவும் ஒரு வார்த்தை கேள்வி கேட்கவில்லை. "பிடிச்சிருக்கேன்டி, நீ ஏறு" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் நாள் முழுக்க மெஷினை மிதித்தாள் என்றால் மிகையில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த விளையாட்டில்தான் மண் விழுந்தது.

ஒரு நாள் மகள் நடு மலையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது டெய்லரக்காவின் திரை பட்டென்று கறுத்துப்போனது. மலையும் இல்லை, மகளின் குரலும் இல்லை. "ஐயையோ!" என்று இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே விழித்துக்கொண்டு, கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அடித்து, விளையாட்டைத் திரும்பத் திறந்து உள்ளே போனால், மகள் பள்ளத்தில் விழுந்து கிடந்தாள்.

"என்னம்மா ஆச்சு? எங்க போன?"

"நான் எங்கயும் போகலடி! இந்தச் சனியன்தான் கண்ணை மூடிக்கிச்சு."

அன்றைக்கு அது சிரிப்பாகப் போயிற்று. மறுநாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. விசேஷம் என்னவென்றால், பாட்டுக் கேட்டால் திரை போகவில்லை, படம் பார்த்தால் போகவில்லை. சீருடை மாதிரிகளை மணிக்கணக்கில் புரட்டினாலும் தேமே என்று எரிந்துகொண்டிருந்தது. மகளோடு விளையாட உட்கார்ந்தால் மட்டும் போயிற்று.

"அக்கா, அதுக்கு உன் மேல கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா அதுக்குப் பொறுக்கல" என்றாள் காஜா.

"நீ வாயை மூடிட்டு பட்டனைத் தை."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் போனது பொறுமைத் தம்பியிடம். பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்க்கிறவர், நாற்பது வயதுக்காரர். யார் என்ன சொன்னாலும் முதலில் "பொறுமை, பொறுமை" என்பார். அதனால் அந்தப் பெயர். மற்றபடி பொறுமைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பிடிவாதமான பழுது வந்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். ஆனால் கைவிட மாட்டார், அது வேறு விஷயம்.

டெய்லரக்கா வெளியே கிளம்பினால் முகம் கழுவி, டேப்பையும் குண்டூசிப் பட்டையையும் கழற்றி வைத்து, தலை வாரிக்கொண்டுதான் கிளம்புவாள். அன்றும் அப்படித்தான் போய் நின்றாள்.

"பொறுமை, பொறுமை. விளையாடும்போது மட்டும்தானே போகுது? அப்ப சூடுதான்க்கா. விளையாட்டு ஓடுனா உள்ள இருக்கிற கிராபிக்ஸ் சிப்புக்கு மூச்சு முட்டும். தாங்க முடியாம அணைஞ்சிடும்" என்றார் அவர். திறந்து பார்த்தால் உள்ளே விசிறியில் ஒரு சட்டையே தைக்கலாம், அவ்வளவு நூல் பிசிறு. தையல் கடை லேப்டாப் வேறு எப்படி இருக்கும்? அதைச் சுத்தம் செய்து, சிப்புக்குப் புதுப் பசை தடவி, "இனிமே ஜில்லுன்னு இருக்கும்" என்று கொடுத்தனுப்பினார்.

டெய்லரக்கா வீட்டுக்கு வந்து, காற்று போகட்டும் என்று லேப்டாப்புக்குக் கீழே நான்கு மூலைக்கும் நூல்கண்டு வைத்தாள். பக்கத்தில் மேஜை விசிறியையும் ஓடவிட்டாள். வெட்டி வைத்த துணியெல்லாம் அறை முழுக்கப் பறந்தது. காஜா ஓடி ஓடிப் பிடித்தாள். ஜில்லென்று இருந்த அந்த லேப்டாப்பும் மலையில் ஏறிய சற்று நேரத்தில் ஜம்மென்று அணைந்தது.

மறுபடியும் கடைக்குப் போனாள். இந்த முறை அவர் டிரைவரைப் புதிதாக ஏற்றினார். மின்சாரத்தைச் சேமிக்கிற அமைப்புகளை எல்லாம் நிறுத்தினார். வீட்டில் அணைந்தது. அடுத்த முறை, கீலின் வழியாகத் திரைக்குப் போகிற ஒயர் தளர்ந்திருக்கும் என்று அதைப் பிடுங்கிச் செருகினார். வீட்டில் அணைந்தது. அதற்கும் அடுத்த முறை ஒரு டிவியை இணைத்துப் பார்க்கச் சொன்னார். திரை மட்டும் பழுதென்றால் டிவியில் படம் தெரியும் இல்லையா? டெய்லரக்கா பார்த்தாள். திரையும் டிவியும் கூடப்பிறந்ததுகள் போல ஒன்றாகவே கண்ணை மூடிக்கொண்டன.

"அப்ப திரை இல்ல. உள்ளதான் கோளாறு" என்று அவர் லேப்டாப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கார் பந்தயம் ஒன்றை நாள் முழுக்க ஓடவிட்டார். புகை வருகிற மாதிரி ஓடியது. திரை கண் சிமிட்டவில்லை. டெய்லரக்காவையே கடையில் உட்காரவைத்து, அவளுடைய மலை விளையாட்டையே விளையாடச் சொன்னார். அவளும் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்தாள். அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன தம்பி பார்வை? நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா…"

"அப்படித்தான் இருக்கு. இது என்னைக் கண்டா நடிக்குது, உங்களைக் கண்டா நல்ல பிள்ளையாயிடுது. நான் என்ன செய்ய?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றார்.

இதற்குள் அந்தப் பக்கம் நிலைமை முற்றிவிட்டது. முதலில் சிரித்த மகள் இப்போது சிரிப்பதில்லை. திரை போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் குரல் ஒரு மாதிரி இறுகியிருந்தது. அன்றைக்கு லேப்டாப்பைக் கடையிலிருந்து கொண்டுவந்து, "இன்னைக்குப் போகாது, தம்பி கடையில நானே விளையாடிப் பாத்தேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டு டெய்லரக்கா உட்கார்ந்தாள். மகள் மலையுச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு பாறைதான் பாக்கி. திரை கறுத்தது.

திரும்ப உள்ளே போனபோது மகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "போதும்மா. இனிமே வேணாம்" என்றாள்.

"ஏய், ஒரே ஒரு தடவை…"

"வேணாம்னா விடேன். என்னால முடியல. நீயும் கஷ்டப்படாத, நானும் கஷ்டப்படல."

இணைப்பைத் துண்டித்துவிட்டாள். டெய்லரக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு இரண்டு திட்டுத் திட்டி ஆற்றியிருப்பாள். அவள் பேசியதோ சோர்ந்துபோய். பிள்ளை பிறக்கிற வரைக்கும் மகள் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப்போகிறாள், தான் இங்கே ஆஸ்பத்திரித் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கப்போகிறோம் என்று நினைத்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு மெஷினை நிறுத்தினாள். எழுந்தாள். போவதற்கு இடமில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பொறுமைத் தம்பியின் கடைக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னாள், "தம்பி, என் பொண்ணு என்கூட விளையாட மாட்டேன்னு சொல்லிட்டா. நீங்க எழுந்து என் வீட்டுக்கு வாங்க. அது அங்கதான் அணையும். உங்க கண்ணால பாருங்க."

அவர் "பொறுமை" என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வந்தவர் வீட்டு மின்சாரத்தைச் சோதித்தார், பிளக்கை மாற்றினார், மேஜையை நகர்த்தினார். பிறகு தன்னுடைய லேப்டாப்பிலும் அந்த விளையாட்டை ஏற்றிக்கொண்டு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் உங்க பொண்ணு. நான் ஏறுறேன், நீங்க பிடிங்க. ஆனா ஒண்ணு. நான் வந்திருக்கேன்னு எதையும் மாத்தாதீங்க. தினமும் எப்படி வந்து உக்காருவீங்களோ அப்படியே வந்து உக்காருங்க" என்றார்.

"தினமும் மெஷின்ல இருந்து எழுந்து ஓடி வருவேன்."

"அப்ப மெஷினுக்குப் போங்க."

டெய்லரக்கா மெஷினுக்குப் போனாள். பாதியில் நின்ற சீருடையை எடுத்துத் தைத்தாள். பட்டையிலிருந்து குண்டூசி எடுத்துக் குத்தினாள், எடுத்தாள். "வாங்க!" என்று அவர் கூப்பிட்டதும் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்து, சுண்டுவிரலை விசையில் வைத்துக் கயிற்றைப் பிடித்தாள். அவர் ஏறினார். பாறைக்குப் பாறை தாவினார். "அடேங்கப்பா, நல்லாதான் இருக்கு" என்று சொல்லி முடிக்கவில்லை, அவளுடைய திரை அணைந்தது. அவருடைய ஆள் தலைகுப்புறப் பள்ளத்தில் போய் விழுந்தான்.

"ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டார் பொறுமை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று டெய்லரக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். திரை வந்துவிட்டது. அவள் முகத்தில் வந்ததோ வெற்றிப் புன்னகை. பொய்க்காரி என்கிற பட்டம் போயிற்றே!

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்தால் திரை எரிந்தது. அவள் பிடித்தால் அணைந்தது. காஜாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். எரிந்தது. திரும்ப அவள் பிடித்தாள். அணைந்தது.

"நான் சொல்லல? அதுக்கு அக்கா மேலதான் கண்ணு" என்றாள் காஜா.

பொறுமைத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. அங்கேயே வெட்டுகிற மேஜையில் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். கடுகு மாதிரி இருக்கும் ஸ்க்ரூக்களை ஒரு பட்டன் கிண்ணத்தில் போட்டார். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. பெருமூச்சு விட்டு, மூடியை மாட்டலாம் என்று கிண்ணத்தைக் கேட்டார். டெய்லரக்கா இடது கையால் எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் நிமிர்ந்தார்.

"ஒரு ஸ்க்ரூ குறையுது."

மூன்று பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். மேஜைக்கடியில், மெஷினுக்கடியில், துண்டுத் துணிக் குவியலுக்குள் எங்கும் இல்லை. ஃபோன் வெளிச்சத்தில் அவர் தரையோடு தரையாகத் தவழ்ந்துகொண்டிருந்தார். டெய்லரக்கா அவருக்கு வழிவிட்டுக் கையை ஊன்றி எழுந்தபோது காஜா குபீரென்று சிரித்தாள்.

"அக்கா, உன் கையைப் பாரு!"

இடது மணிக்கட்டுப் பட்டையில், குண்டூசிக் கூட்டத்துக்கு நடுவே, அந்தக் குட்டி ஸ்க்ரூ ஒய்யாரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, இங்க இருக்கியா?" என்று அதைப் பிய்த்து நீட்டினாள் டெய்லரக்கா. பொறுமைத் தம்பி வாங்கிக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அக்கா… அது எப்படி ஒட்டுது?"

"காந்தம்ல? முன்னாடி கையில பஞ்சுப் பட்டைதான் கட்டியிருந்தேன். ஊசி கீழ விழுந்து இவ கால்ல ஏறிடுச்சுன்னு இதை வாங்கினேன்."

"எப்ப வாங்கினீங்க?"

டெய்லரக்காவுக்கே நாள் நினைவு வந்துவிட்டது. இதை வாங்கிக் கட்டிய அதே வாரம்தான் திரை முதல் முறையாகக் கறுத்தது.

பொறுமைத் தம்பி எழுந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்தார். "அதைக் கழட்டிக் குடுங்க" என்று வாங்கி, விசைப்பலகைக்குக் கீழே, இடது கை படுகிற ஓரத்தில் மெல்ல வைத்தார். திரை அணைந்தது. எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது. நல்ல வேடிக்கை கிடைத்த சின்னப் பிள்ளை போல வைத்து வைத்து எடுத்தார்.

"மூடியை மூடினா திரை தூங்கணும் இல்லையாக்கா? மூடியாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மூடி ஓரத்துல ஒரு சின்னக் காந்தம் வச்சிருப்பாங்க. அது கிட்ட வந்தா, இங்க இருக்கிற சென்சார் கண்டுபிடிச்சு, சரி, மூடிட்டாங்கன்னு தூங்கப் போயிடும். நீங்க காந்தத்தைக் கையில கட்டிக்கிட்டுப் பிடிக்கிறீங்க, பிடிக்கப் பிடிக்க மணிக்கட்டு சரிஞ்சு அதுக்கு நேர் மேலயே வந்துடுது. அது பாவம், மூடிட்டீங்கன்னு நினைச்சுக்கிச்சு."

"பாட்டுக் கேட்டா ஏன் போகல?"

"பாட்டுக்கு இடது கை எதுக்கு?"

"தலையில கை வச்சா ஏன் வந்துச்சு?"

"கை தலைக்குப் போயிடுச்சே, காந்தமும் கூடவே போயிடுச்சு!"

"கடையில?"

"கடைக்கு வரும்போது நீங்கதான் கழட்டி வச்சுட்டு அலங்காரமா வர்றீங்களே!"

காஜா சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, கையிலிருந்த சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். பொறுமைத் தம்பியும் சிரித்தார். இத்தனை நாளாக விசிறியையும் ஒயரையும் குடைந்த தன்னை நினைத்தும் சிரித்தார். டெய்லரக்கா மட்டும் சிரிக்கவில்லை. மெஷினிலிருந்து மகளிடம் ஓடிய அந்த ஓட்டத்தில் பட்டையைக் கழற்றக்கூடத் தான் பொறுக்கவில்லை, அந்த அவசரமே மகளைத் தள்ளிவிட்டிருக்கிறது என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை. "என் கையாலயே என் பொண்ணைத் தள்ளி விட்டிருக்கேன் தம்பி" என்றாள்.

"பொறுமைக்கா. இப்பதான் தெரிஞ்சு போச்சே. கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

அவள் அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டாள். "கண்ணு, குட்டு வெளிப்பட்டுச்சுடி" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். காந்தம், சென்சார், ஸ்க்ரூ, தரையில் தவழ்ந்த தம்பி என்று எதையும் விடவில்லை. மகள் சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. கேட்டதும் டெய்லரக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய், என்னடி? எதுக்கு அழற? இனிமே விழ மாட்டடி, பட்டையைத் தூக்கி எறிஞ்சுடுறேன்."

"நான் விழுந்ததுக்கா அழறேன்? லூசாம்மா நீ?" என்றாள் மகள். "அது வெறும் பொம்மைம்மா. ஆயிரம் தடவை விழட்டும். நீ பேசிட்டே இருப்ப… 'பிடிச்சிருக்கேன்டி, ஏறு'ன்னு சொல்லிட்டே இருப்ப… திடீர்னு சத்தம் நின்னுடும். காஜாவும் கிளம்பிட்டா நீ தனியாத்தான் நாற்காலியில உக்காந்திருப்பன்னு எனக்குத் தெரியும். அப்பா மாதிரியே நீயும்… ஒவ்வொரு தடவையும் அதுதான்மா தோணும். உடனே ஃபோன் பண்ணுவேன். நீ எடுக்கவே மாட்ட. நீ திரும்ப வர்ற வரைக்கும் நான் செத்துப் பொழைப்பேன். படபடப்பு கூடாதுன்னாங்க… என்னால முடியல. அதான் வேணாம்னேன்."

டெய்லரக்காவின் ஃபோன் அடித்தது உண்மைதான். துணிக் குவியலுக்குள் எங்கேயோ கிடந்து அடிக்கும். "பொறுடி, வர்றேன்டி" என்று அதைச் சட்டை செய்யாமல் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருப்பாள். சீக்கிரம் உள்ளே போய் மகளைத் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஃபோனை எடுத்து, நான் இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை! எடுத்துச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"இதை என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ."

"நீ பயப்படலாம், நான் பயப்படக் கூடாதா?"

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பொறுமைத் தம்பியும் காஜாவும் எப்போது வாசலுக்குப் போய் நின்றார்கள் என்று டெய்லரக்கா கவனிக்கவில்லை.

"இங்க பாரு கண்ணு, இனிமே திரை போனா போகட்டும், நீ எங்க விழுந்தாலும் விழு. முதல்ல உனக்குத்தான் ஃபோன் பண்ணுவேன். சரியா?"

"ம்."

"இப்ப என்ன செய்யலாம்?"

மகள், "உள்ள வா" என்றாள்.

டெய்லரக்கா வெறுங்கையோடு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தாள். திரை அணையவில்லை. மலை ஏறிய நேரம் முழுக்க மகள் காரணமே இல்லாமல் "அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்ட போதெல்லாம் இவள், "இருக்கேன்டி" என்றாள்.